14 மி.மீ. பயம்!

மெக்கானிக்கல் படிக்கிற பையன் ரத்த செல்லைப் பத்தி எழுதுறானேனு சிரிக்காதீங்க. விஷயம் நடந்தது என் இடது கையில பாஸ்!

இன்டர்ன்ஷிப்புக்கு ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி. தங்கினது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஒரே ஜன்னல் வெச்ச ஒரே ரூமில், அஞ்சு பேர். அதில் சீனியர், கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிற ஓர் அண்ணன். முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்து, ஷிஃப்ட் பஸ் எங்கே நிற்கும்னு காட்டினவர். மூணு வாரமா விடாம இருமினார். அரசு ஆஸ்பத்திரியில் சளி டெஸ்ட் எடுத்தாங்க. டி.பி!

அன்னிக்கு ராத்திரி, 'ஊருக்கு அனுப்பிடலாம்டா'ன்னு ஒருத்தன் கிசுகிசுத்தான். நான் வாயே திறக்கலை. ஆனா, என் பாயைச் சுருட்டிட்டுப் போய் வாசல்கிட்ட போட்டுக்கிட்டேன். அதைப் பார்த்த அண்ணன், ஒண்ணும் சொல்லாம சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்.

மறுநாள் எங்களுக்கும் டெஸ்ட். டி.பி. கிருமியிலிருந்து பிரிச்ச புரதத்தை 0.1 மில்லி அளவு முன்கைத் தோலுக்குள் ஏத்தினாங்க. 1908-ல் பிரெஞ்சு டாக்டர் சார்லஸ் மான்டூ சொன்ன முறை. 'ரெண்டு நாள் கழிச்சு வா தம்பி'ன்னார் டாக்டர். 'ஏன் சார் ரெண்டு நாள்?'னு கேட்டேன். ஓ.பி. சீட்டு பின்னாடி படமே வரைஞ்சுட்டார்!

நம்ம ரத்தத்தில் 'உதவி டி செல்கள்'னு சூப்பர்வைசர்கள் இருக்காங்க. பழைய எதிரியை ஞாபகம் வெச்சு, மத்த செல்களை வேலை வாங்குறவங்க. ரத்த ஓட்டத்தில் அவங்க போறது, வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் பறக்கிற கம்பெனி பஸ் வேகம். எங்கே இறங்கணும்னு எப்படித் தெரியும்? ஊசி போட்ட இடத்தில் அலாரம் அடிச்சதும், பக்கத்து ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒட்டும் மூலக்கூறுகள் முளைக்குது. முதல்ல இ-செலக்டின். டி செல்லின் சி.எல்.ஏ. கொக்கி அதில் லேசா மாட்டும்... விடும்... மறுபடி மாட்டும். செல் உருண்டு உருண்டு வேகம் குறையும். அடுத்து கீமோகைன் சிக்னல். அது பட்டதும் செல்லோட எல்.எஃப்.ஏ-1, வி.எல்.ஏ-4 ரெண்டும் சடார்னு வடிவம் மாறி, சுவரில் இருக்கிற ஐகேம்-1, விகேம்-1-ஐ இறுக்கிப் பிடிச்சுக்கும். பஸ் ஸ்டாப்! அப்புறம் சுவர் செல்களுக்கு நடுவே நெளிஞ்சு தோலுக்குள் நுழைஞ்சு, மேக்ரோஃபேஜ் பட்டாளத்தைக் கூப்பிடும். கூட்டம் சேரத்தான் ரெண்டு நாள். தடிப்புன்னா அந்தக் கூட்டம்தான். குடலுக்குப் போற டி செல்லுக்குக் கொக்கியே வேற. ரூட் போர்டு மாதிரி!

மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்ற நரம்பு நோயில், டி செல்கள் மூளைக்குள் புகுந்து ரகளை பண்ணும். நடாலிசுமாப் மருந்து வி.எல்.ஏ-4-ஐ மறைச்சு அதைத் தடுக்குது. ஆனா, காவல் குறைஞ்ச மூளையில் சிலருக்கு வைரஸ் தலைதூக்கிடுச்சு. 2005-ல் விற்பனையை நிறுத்தி, 2006-ல் கடும் கண்காணிப்போடு திரும்பக் கொண்டுவந்தாங்க. உள்ளே வந்தாலும் வம்பு, வராட்டியும் வம்பு!

ரெண்டு நாள் கழிச்சு ஸ்கேல் வெச்சு அளந்தார் டாக்டர். சிவப்பு கணக்கில்லை, தடிப்பு மட்டும்தான். 14 மி.மீ! எனக்குக் காலே நடுங்கிடுச்சு. 'கிருமியை உன் செல்கள் ஏற்கெனவே சந்திச்சிருக்குனு அர்த்தம். நோய்னு அர்த்தமில்லை'ன்னார். எக்ஸ்ரே க்ளீன். வாரம் ஒரு தடவைனு 12 வாரம் தடுப்பு மாத்திரை. கிருமி அண்ணன்கிட்டே இருந்துதான் வந்ததானு கண்டுபிடிக்கவே முடியாது. 15 வயசைத் தாண்டின இந்தியர்களில் பத்துக்கு மூணு பேருக்கு உள்ளே இது இருக்குனு சொல்லுது 2019-21 தேசிய சர்வே.

கிளம்பும்போது இன்னொண்ணும் சொன்னார். டி.பி-ன்னா சானடோரியத்தில் ஒதுக்கிவைக்கணும்னு உலகமே நம்பின காலத்தில், நம்ம சென்னையில் 1956-ல் ஓர் ஆய்வு ஆரம்பிச்சாங்க. நெரிசலான வீட்டிலேயே தங்கி மாத்திரை சாப்பிட்டவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால ஆபத்து கூடலை. 1959-ல் வெளியான அந்த முடிவு, உலகத்தோட வைத்திய முறையையே மாத்திடுச்சு. ஒழுங்கா மருந்து சாப்பிட ஆரம்பிச்சா, பரவுறது மளமளனு குறைஞ்சிடும்.

ஸோ ஃப்ரெண்ட்ஸ், உங்க ரூமில் யாராவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா, ஊருக்கு பஸ் ஏத்தாதீங்க. சளி டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அரசு ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டும் மருந்தும் இலவசம்.

அண்ணன் மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரம் முடிஞ்ச ராத்திரி, ஜன்னலை நல்லா திறந்துவிட்டு, பாயைத் தூக்கிட்டு உள்ளே வந்தேன்.

'ஏன் தம்பி, வாசல்ல காத்து வரலையா?'ன்னார், மாஸ்க்குக்குள்ளே இருந்து.

'கொசுக்கடிண்ணா'ன்னேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.