முறம் கப்பல் ஏறவில்லை

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள் விசா பற்றிப் பேசுவார்கள், வேலை பற்றிப் பேசுவார்கள், டாலருக்கு எத்தனை ரூபாய் என்று பேசுவார்கள். செருப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் பேசப் போகிறேன். என் செமஸ்டர் லீவு மொத்தமும் அந்த மண்ணைச் சுரண்டுவதில்தான் போனது :-)

அக்காவும் மாமாவும் இரண்டு வாண்டுகளோடு கோயம்புத்தூரிலிருந்து மெல்பர்னுக்குக் குடிபோனார்கள். துணிமணி விமானத்தில், மற்ற சாமான் எல்லாம் கப்பலில். பேக்கர்ஸ்காரர் முதல் நாள் வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆஸ்திரேலியாங்களா? அப்ப கழுவுறதுதாங்க பெரிய வேலை. கட்டுறதை நாங்க ஒரே நாள்ல கட்டிருவோம்" என்றார். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சாமான் அனுப்பி அனுபவப்பட்ட மனிதர். ஆஸ்திரேலியா என்றதும் அவர் முகமே மாறிவிட்டது.

நாம் குவாரன்டைன் என்று சொல்வதற்கு அங்கே இப்போது பயோசெக்யூரிட்டி என்று பெயர். 1908-ல் போட்ட குவாரன்டைன் சட்டத்தை நூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, 2015-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து, 2016-ல் அமலாக்கினார்கள். கப்பலில் வரும் வீட்டுச் சாமானுக்குத் தனியாக ஒரு படிவம் இருக்கிறது. என்னென்ன இருக்கிறது, அதில் மரம் உண்டா, மண் உண்டா, விதை உண்டா, மிருகத் தோல் உண்டா என்று கேட்பார்கள். அதையும் பெட்டிப் பட்டியலையும் பார்த்துத்தான் எதைத் திறப்பது என்று முடிவு செய்வார்கள். அழுக்கு, பூச்சி ஏதாவது மாட்டினால் மூன்று வழிதான். சுத்தம் செய்வது, திருப்பி அனுப்புவது, அழிப்பது. மூன்றுக்கும் செலவு நம்முடையது!

ஆகவே கழுவினோம். மாமாவின் சைக்கிளை மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டு, பழைய டூத் பிரஷால் டயர் வரி வரியாகத் தேய்த்தேன். கிரிக்கெட் ஷூவின் அடியிலிருந்து ஊசியால் நோண்டியதில் வந்தவற்றை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால், மண்ணோடு குட்டிக் குட்டியாகக் கறுப்பு விதைகள். எங்கள் ஏரியாவில் எந்தக் காலி மனையைப் பார்த்தாலும் பார்த்தீனியம்தானே, அதுவாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. இந்தியாவில் 1950-களில் புனே பக்கம் பரவியதைக் கவனித்தார்கள். இன்றைக்கு அது இல்லாத ஊர் உண்டா? குவீன்ஸ்லாந்திலும் அதே செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பட்டவன் செருப்பைத் தூக்கிக் காட்டச் சொல்கிறான், அதில் என்ன தப்பு?

கழுவியதை நன்றாகக் காயவைக்காமல் பெட்டியில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று பேக்கர்ஸ்காரர் பயமுறுத்தியதால், ஷூ எல்லாம் இரண்டு நாள் வெயிலில் வரிசையாகக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி செருப்புக் கடை வைக்கப் போகிறோமா என்று கேட்டார்.

சமையலறை இன்னும் கஷ்டம். அரிசி, பருப்பு, சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய், கொண்டைக்கடலை... எதுவுமே கப்பல் சாமானில் போகக் கூடாது. 2020-ல் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். காரணம் காப்ரா வண்டு என்று ஒரு ஜந்து. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பெயரைக் கேட்டால் தெரியும், இந்தப் பக்கத்துச் சரக்கு. இந்தியத் துணைக்கண்டம்தான் அதன் பூர்வீகம் என்கிறார்கள். (நாமும் உலகத்துக்கு ஏதோ கொடுத்திருக்கிறோம்!) சேமித்து வைத்த தானியத்தைத் தின்று மாவாக்கிவிடும். அதன் புழு சாக்கின் இழைக்குள்ளும் பலகை இடுக்கிலும் புகுந்துகொண்டு, சாப்பாடே இல்லாமல் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த வண்டு பறப்பதில்லை. இறக்கை இருக்கிறது, ஆனால் பறந்ததாகத் தகவல் இல்லை. பிறகு எப்படி ஊர் ஊராகப் போகிறது? நாம்தான் சுமந்து போகிறோம், சாக்கில், அட்டைப்பெட்டியில், கன்டெய்னரின் மூலையில். 2007-ல் பெர்த் நகரில் ஒரு வீட்டில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து குடிவந்த குடும்பத்தின் வீட்டுச் சாமானோடு வந்திருக்கிறது. வீட்டையே பிளாஸ்டிக்கால் போர்த்தி மீத்தைல் புரோமைடு புகை போட்டு ஒழித்தார்கள். கோதுமை ஏற்றுமதி செய்கிற நாடு, இந்த வண்டு நிலைத்துவிட்டால் வாங்குகிற நாடுகள் கதவைச் சாத்திவிடும். கால் கிலோ சீரகத்துக்காக இவ்வளவு பெரிய பயமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எனவே மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தைக் கழற்றினோம். வெட் கிரைண்டரைக் கவிழ்த்துத் தட்டினோம், எந்தக் காலத்து உளுந்தோ நாலு விழுந்தது. அம்மா அஞ்சறைப்பெட்டியைக் கழுவிக் கழுவி, அதில் இருந்த வாசனையே போய்விட்டது என்று வருத்தப்பட்டார்.

கொலு பொம்மைகள் பரணில் வைக்கோலுக்குள் பத்திரமாக இருந்தன. வைக்கோல் ஆகாது. மளிகைக் கடையில் வாங்கி வைத்திருந்த ஆப்பிள் பெட்டியும் முட்டை அட்டையும் ஆகாது. எல்லாவற்றையும் பிரித்துக் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, புது அட்டைப்பெட்டியில் வைத்தோம். ஊஞ்சல் பலகையைத் திருப்பிப் போட்டு டார்ச் அடித்து ஓட்டை ஓட்டையாகத் தேடினேன். பழைய தேக்கு. ஓட்டையும் இல்லை, தட்டினால் தூளும் கொட்டவில்லை. அதற்கென்று அடித்த மரக்கூட்டில் கோதுமைக் கதிர் போட்ட ஒரு முத்திரை இருந்தது. கட்டையின் உள்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் முப்பது நிமிஷம் வைத்து எடுத்ததற்கான அடையாளமாம்.

பட்டியல் எழுதும் வேலையும் என் தலையில்தான். "இதர சாமான்" என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பெட்டியைக் கட்டாயம் திறப்பார்கள் என்றார் பேக்கர்ஸ்காரர். நியாயம்தானே? நானாக இருந்தாலும் அதைத்தான் முதலில் திறப்பேன். மரம், தோல், சைக்கிள் போன்றவற்றைத் தனியாக, சுலபமாக எடுக்கிற மாதிரி வைக்கச் சொன்னார்.

இதுவரை எல்லாம் சுகம். முறத்தில்தான் வந்தது வினை.

அம்மிச்சி பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திறங்கினார். கையில் ஒரு முறம், ஒரு மஞ்சள் பையில் அவரை விதையும் பீர்க்கன் விதையும். அக்கா சின்ன வயசில் அந்த முறத்தில் உட்கார்ந்து விளையாடினாளாம். மூங்கில் முறம், சாணி போட்டு மெழுகியது, விளிம்பு இடுக்கெல்லாம் குருணை. ஒரே சாமானில் புல், சாணம், தானியம் மூன்றும்! அந்த நாட்டு அதிகாரி எதையெல்லாம் கண்டு பயப்படுவாரோ அதையெல்லாம் சேர்த்துப் பின்னியது மாதிரி இருந்தது.

"இதெல்லாம் கொண்டுபோகக் கூடாதுங்க அம்மிச்சி" என்று அக்கா சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "ஏன், என் வீட்டு முறத்துல என்ன சீக்கு இருக்குது?"

யாருக்கும் பதில் வரவில்லை. பெரியம்மா குறுக்கே வந்து, "பட்டுச் சேலைக்குள்ள சுருட்டி வெச்சா எவன் பாக்கறான்? விதைய டீத்தூள் டப்பாவுல போட்டா ஆச்சு" என்றார். அம்மாவுக்கும் அந்த யோசனை பிடித்துவிட்டது போலத்தான் தெரிந்தது. இது சும்மா பேச்சு இல்லை. 2019 அக்டோபரில், பச்சைப் பன்றி இறைச்சி உள்பட உணவுப் பொருள்களை அறிவிக்காமல் சிட்னி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பெண்மணியின் விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். இதைச் சொன்னால் பெரியம்மா அடங்குவார். ஆனால் அம்மிச்சி கேட்டது அபராதத்தைப் பற்றி இல்லையே.

நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன். "அம்மிச்சி, அந்த நாட்டுல மாட்டுக்குக் கோமாரி வந்து நூத்தம்பது வருஷம் ஆச்சுங்க." 1872-க்குப் பிறகு அங்கே கோமாரி இல்லை. 2022-ல் இந்தோனேசியாவில் பரவியபோது, பாலியிலிருந்து வந்த பயணிகளை மருந்துத் தண்ணீர் நனைத்த மிதியடியில் நடக்கவிட்டார்கள். இதையும் சொன்னேன்.

அம்மிச்சி நிமிர்ந்து பார்த்தார். "கோமாரியே இல்லியா?"

அவர் வீட்டில் ஒரு வருஷம் கோமாரியில் இரண்டு கன்றுகள் போய்விட்டன. கறவை மாடு வாயெல்லாம் புண்ணாகி, நுரை தள்ளி நின்றதை அவர் சொல்லி நான் பல முறை கேட்டிருக்கிறேன். அப்போது பக்கத்துத் தோட்டத்தார் யாரும் இவர் கட்டுத்தரைப் பக்கம் வரமாட்டார்களாம். இவரும் யார் கட்டுத்தரைக்கும் போகமாட்டாராம். மாடுகளைப் பொதுத் தொட்டியில் தண்ணீர் குடிக்க விடமாட்டார்களாம். எந்தச் சட்டமும் சொல்லி அவர்கள் இதைச் செய்யவில்லை.

கொஞ்ச நேரம் முறத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப வேண்டாஞ்சாமி. அவுங்க மாடு கன்னு நல்லா இருக்கோணும்" என்று சொல்லி, அதைத் தன் பைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பெரியம்மா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. விதைப் பையை அம்மா வாங்கி சாமி ரூமில் வைத்தார்.

இதேபோல அனுப்புகிற வேலை உங்களுக்கு வந்தால் ஒன்றே ஒன்று. ஒரு பொருள் போகுமா போகாதா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்காதீர்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த நாட்டு வேளாண் துறையே பைகான் என்ற தேடும் வசதியை இணையத்தில் வைத்திருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பெட்டி கட்டும் வாரத்தில் இன்னொரு முறையும் பாருங்கள்.

சாமான் போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. சைக்கிளைப் பார்த்தார்களாம், ஊஞ்சல் பலகையைத் திருப்பிப் பார்த்தார்களாம், கொலு பொம்மைப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினார்களாம். எதையும் எடுக்கவில்லை. அவரை எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் பந்தல் ஏறிவிட்டது. அங்கே வாங்குகிற அரிசியில் கல்லும் இல்லை உமியும் இல்லை, புடைக்கவே வேண்டியதில்லை என்று அக்கா போனில் சொன்னாள். அம்மிச்சி இன்னும் அதை நம்பவில்லை.