இலைக்கு யார் மார்க் போடுவது?

திருவேங்கடம் வட்டாரத்தில் கரிசல் காட்டு வேலை ஓய்ந்த நாட்களில் பெண்களுக்குக் கைகொடுப்பவை இரண்டு: தீப்பெட்டி ஆபீஸ், பீடி. கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டி என்று போகப் போகத் தீப்பெட்டி கூடும். மேற்கே சங்கரன்கோவில் தாண்டித் தெற்கே ஆலங்குளம், முக்கூடல் என்று போகப் போகப் பீடி கூடும். நடுவில் கிடக்கிற தெருக்களில் இரண்டும் உண்டு. அக்கா பீடித்தட்டோடு திண்ணையில் இருப்பாள், தங்கச்சி தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்குக் காத்து நிற்பாள். பீடி என்பது கொஞ்சம் பராக்குப் பார்த்தால் அணைந்துபோகிற சரக்கு; ஒன்றைக் குடித்து முடிக்க இரண்டு குச்சியாவது செலவாகும். அந்த வகையில் அக்கா தங்கச்சிக்கு வியாபாரம் பிடித்துக் கொடுக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் அங்கே போனது, புகையிலைச் சரக்கைத் தரம் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள. சுருட்டு உலகத்தில் இதற்குப் பெரிய சடங்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய ‘சிகார் அஃபிஷியனாடோ’ பத்திரிகை சுருட்டுகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறது. மேலே சுற்றியிருக்கும் கம்பெனிப் பட்டையைக் கழற்றிவிட்டு, எவருடைய சரக்கு என்று தெரியாமல் புகைத்துப் பார்ப்பார்கள். தோற்றம், சுற்றியிருக்கும் நேர்த்தி, எரிகிற விதம், இழுப்பு, ருசி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. 90-ஐத் தொட்டால் ‘அபாரம்’, 95-ஐத் தொட்டால் ‘கிளாசிக்’. கோகோ வாசனை, தோல் வாசனை, மழை பெய்த மண் வாசனை என்று வர்ணனை வேறு. படிக்க நன்றாகவே இருக்கும். சுற்றியவரின் பேர் மட்டும் அதில் இருக்காது.

நம் பக்கத்திலும் பேர்போன சுருட்டு இருந்தது. திருச்சி உறையூர்ச் சுருட்டை சர்ச்சில் விரும்பிக் குடித்தார் என்பதைத் திருச்சிக்காரர்கள் இன்றும் விடாமல் சொல்வார்கள். 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். மார்க் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு ஆலை நடத்தியது. பக்கத்தில் வேடசந்தூரில் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வந்தது. அந்தக் காலம் மங்கிவிட்டது. இன்று தென்காசி, திருநெல்வேலி வீடுகளில் புகையிலை நுழைவது பீடித் தூளாகத்தான். சட்டம் இரண்டையும் ஒரே பாயில்தான் உட்கார வைத்தது: 1966-ல் வந்த சட்டத்தின் பேரே ‘பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர்கள் சட்டம்’.

பீடியைக் குடிக்கிறவர்களும் மார்க் போடத்தான் செய்கிறார்கள். திருவேங்கடத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் பீடியைக் காதருகே வைத்து விரலால் உருட்டினார். சரசரவென்று கேட்டால் காய்ந்த சரக்கு. பிறகு ஒருமுறை ஊதித் தூசியைத் தள்ளிவிட்டுப் பற்றவைத்தார். “இழுப்பு லேசா இருக்கணும், காரம் தொண்டையில நிக்கணும், கமறக் கூடாது. இம்புட்டுத்தான் அண்ணாச்சி” என்றார். சுருட்டு விமர்சகர் இரண்டு பக்கத்தில் எழுதுவதை மூன்று சொல்லில் முடித்துவிட்டார். இருமலும் கூடவே வந்தது. சிகரெட்டைவிடப் பீடி சின்னதுதானே என்பது வெறும் ஆறுதல். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் தாரும் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

தெருவுக்குள் போனால் வேறு பரீட்சை நடக்கிறது.

பீடி இலை உள்ளூர்ச் சரக்கு இல்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா காடுகளில் கோடையில் பழங்குடி மக்கள் பறித்துக் காயவைத்துக் கட்டும் தெந்து இலை அது. தூள் பெரும்பாலும் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் வருகிறது. இலை, தூள், நூல் மூன்றையும் கம்பெனி ஏஜண்டு நிறுத்துக் கொடுப்பார். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இலையை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். இலை பதமானதும் தகட்டை அளவு வைத்துக் கத்திரியால் வெட்டுவார்கள். தடித்த நரம்பு உள்ளே வரக்கூடாது, ஓட்டை வரக்கூடாது. வெட்டிய துண்டில் ஒரு சிட்டிகை தூளைப் பரத்தி, இரண்டு கையின் விரல்களுக்குள் ஒரே உருட்டு. அகன்ற நுனியைச் சின்ன இரும்புக் குச்சியால் உள்ளே மடித்து, குறுகிய பக்கத்தில் நூலைச் சுற்றி அறுத்தால் ஒரு பீடி. 25 சேர்ந்தால் ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் 1000. கூலிக்கணக்கு 1000-க்குத்தான். ஒரு பீடிக்குள் இருக்கும் தூள் கிட்டத்தட்ட 0.2 கிராம். அதைத் தராசில் வைத்தால் முள் அசையாது. விரல் நுனி மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே அளவை எடுக்கிறது. கை சுறுசுறுப்பானவர்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு நாளில் 1000 சுற்றிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு ஐந்நூறு, அறுநூறு. தூளின் நெடி வீட்டுக்குள் எப்போதும் நிற்கிறது. வாழ்நாளில் ஒரு பீடி குடிக்காத பெண்ணுக்கும் அந்தத் தூசி மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறுகிறது.

நான் பேசிக்கொண்டிருந்த அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு இல்லை, கேட்பதற்கு. கியூபாவின் ஹவானாவில் 1865-லிருந்தே சுருட்டு ஆலைகளில் ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். வாசித்தவருக்குச் சம்பளம் தொழிலாளர்களே கொடுத்தார்கள். 1935-ல் பிறந்த ‘மாண்டிகிறிஸ்டோ’ சுருட்டின் பேர்கூட ஒரு நாவலிலிருந்து வந்ததுதான். கண்ணூர்ப் பீடிப் பட்டறைகளிலும் அந்த வழக்கம் இருந்தது. ஒருவர் செய்தித்தாள் வாசிப்பார், அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒருவராகப் பிரித்து உட்கார வைத்த இடத்தில் அதற்கு வழியில்லை. சேர்ந்து உட்கார்ந்தால்தானே கேட்கவும் பேசவும் முடியும்.

சுற்றிய கட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு பீடிக்கடைக்குப் போனோம். ஓர் அறை, ஒரு தராசு, தரையில் கணக்குப்பிள்ளை. அவர் கட்டை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். நுனிகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தார். நடுவிரலால் அமுக்கினார். மடிப்பில் வாய் பிளந்திருந்தால், நூல் நழுவினால், தூள் இளகியிருந்தால் கட்டு ஓரத்துக்குப் போகும். அதற்குப் பேர் கழிவு. ஒரு கட்டுக்கு மூன்று நொடிகூட ஆகவில்லை. பீடி குடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். “நான் தொடவே மாட்டேன் சார். வாயில வச்சா இத்தன பீடிக்கு மார்க் போட முடியும்? கையே சொல்லிரும்.” மேலே கம்பெனியில் மறுபடியும் பார்ப்பார்கள், அங்கே திரும்பி வந்தால் ஏஜண்டின் கமிஷனில் பிடிப்பார்கள் என்பதால் இவர் ஒரு கட்டைக் கூடுதலாகவே ஒதுக்கி வைக்கிறார். அவருடைய பயமும் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்குக் கூலி கொடுப்பவர் அக்கா.

அக்காவின் மூன்று கட்டு கழிவுக்குப் போயிருந்தது. அவர் சண்டை போடவில்லை. வெளியே வந்ததும் சொன்னார்: “இலை நல்லா வந்தா நான் கெட்டிக்காரி. இலை பொத்தலா வந்தா நான் களவாணி. கை ஒண்ணுதான் தம்பி.”

இந்தத் தொழிலின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. போன தடவை தந்த இலையில் பாதி பூச்சி அரித்தது, மீதி காய்ந்து நொறுங்கியது என்றார். நல்லதாகத் தேறிய துண்டு 1000-க்குப் பற்றவில்லை. குறைந்ததற்கு வெளியே காசு கொடுத்து இலை வாங்கிச் சேர்த்தார். வாங்காமல் ஓரத்து இலையையும் வைத்துச் சுற்றியவர்களுக்குக் கழிவு விழுந்தது. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் தட்டு வைத்திருப்பவருக்குத்தான். இலை நிறுக்கும்போது கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லலாமே என்றேன். “மாத்திக் குடுங்கண்ணேன்னு கேட்போம். இதான் வந்திருக்கு, வேணாம்னா வச்சிட்டுப் போன்னுருவாக.” காட்டு வேலை இல்லாத நேரத்தில் யார் வைத்துவிட்டுப் போவார்கள்?

கியூபாவில் சுருட்டின் மேல்சுற்று இலை தொழிலாளியின் மேசைக்கு வருவதற்கு முன்பே நிறம், அளவு, தன்மை பார்த்துப் பல பிரிவுகளாகப் பிரிக்கப்படுகிறது. கிழிந்ததும் புள்ளி விழுந்ததும் அப்போதே ஒதுங்கிவிடும். அதனால் சுற்றுபவருக்கு விழுகிற மார்க் அவருடைய கைக்கு விழுகிற மார்க். இங்கே இலைக்கு யாரும் மார்க் போடுவதில்லை. காட்டில் பறித்தபோது கெட்டது, கிடங்கில் கெட்டது, லாரியில் கெட்டது எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு பெண்ணின் பேரில் கழிவாக எழுதப்படுகிறது. கருவாட்டில் நாற்றம் என்று குழம்பு வைத்தவளை அடிப்பது போலத்தான்.

1966 சட்டத்தை எழுதினவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அதன் 39-ஆம் பிரிவு எந்தெந்தத் தகராறுகளுக்குத் தனியாகத் தீர்வு காண வேண்டும் என்று சொன்னது. முதலாவது, மூலப்பொருள் கொடுப்பதில் வரும் தகராறு. இரண்டாவது, பீடியைக் கழிப்பதில் வரும் தகராறு. மூன்றாவது, கழித்த பீடிக்கான கூலி. இலையை முதலில் வைத்து எழுதியிருக்கிறார்கள். சில மாநில விதிகள் சாதாரணமாக 5 சதவீதத்துக்கு மேல் கழிக்கக்கூடாது என்றும் வரம்பு கட்டின. அதாவது 1000-க்கு இரண்டு கட்டு. அக்காவுக்கு விழுந்தது மூன்று. இப்படி ஒரு சட்டம் இருந்ததையே அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

சட்டம் காகிதத்திலேயே கிடக்கவில்லை என்பதற்குக் கேரளத்தில் சாட்சி உண்டு. அங்கே அரசு அதை அமல்படுத்தப் போனதும், 1968-ல் பெரிய பீடிக் கம்பெனி ஒன்று கண்ணூர் வட்டாரப் பட்டறைகளை மூடிவிட்டது. வேலை போனவர்களைக் கொண்டு 1969-ல் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் உருவானது. இலை வாங்குவதும் தரம் பார்ப்பதும் தொழிலாளர்களின் சங்கத்துக்குள்ளேயே வந்தது. பீடி குடிப்பது குறையக் குறைய அந்தச் சங்கம் குடை, தேங்காய்ப்பால் என்று வேறு சரக்குகளுக்கும் போனது. பீடி குறைவது நல்லதுதான். அப்படிக் குறையும்போது சுற்றியவர்களுக்கு வேறு வேலை காட்டியதால்தான் அதை உருப்படியான முன்மாதிரி என்கிறேன்.

நாட்டில் பீடித் தொழிலாளர்கள் என்று அரசு பதிந்துவைத்திருப்பவர்கள் சுமார் 50 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று செலவழிக்க வசூலித்த தனி வரி 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது போய்விட்டது. 1966 சட்டத்தை 2020-ல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு தன்னுள் இழுத்துக்கொண்டது.

புதிய விதிகளைக் கையாளுகிற தொழிலாளர் துறைக்கும், இந்தப் பக்கத்துத் தொழிற்சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒன்றாகக் கணக்கு எழுதும் பீடிக் கார்டில் கழிவைக் குறிப்பதுபோல இலைக்கும் ஒரு கட்டம் வேண்டும். கொடுத்த இலை எத்தனை கிராம், அதில் சுற்ற உதவாதது எத்தனை கிராம், இரண்டையும் அதே தராசில் நிறுத்து, அதே கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். உதவாத இலைக்கு ஈடான இலை கொடுக்காத வாரத்தில் ஒரு கட்டைக்கூடக் கழிக்கக் கூடாது.