தாத்தா விட்ட பறையை அத்தை எடுத்தார்



"நான் வியந்த மனிதர்" என்ற தலைப்பில் சுவரிதழுக்கு எழுதச் சொன்னார் தமிழம்மா. நிறையப் பேர் அப்துல் கலாம் ஐயாவைப் பற்றியும் அன்னை தெரசாவைப் பற்றியும் எழுதுவார்கள். நான் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவை நடத்தி வந்த சகோதரி சந்திரா, சகோதரி ஃபெல்சி ஆகியோரைப் பற்றி எழுதுகிறேன். அவர்களை நான் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் என் அத்தை சொல்லித்தான் தெரியும்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா பறை அடித்தவர். ஆறாம் வகுப்பில் தாத்தா என்ன வேலை என்று ஒருவர் கேட்டபோது, "தோட்ட வேலை" என்று பொய் சொன்னேன். ஏனென்றால் எங்கள் தெருவில் இருந்து யார் வந்தாலும் சில பையன்கள் பெஞ்சில் தாளம் தட்டிச் சிரிப்பார்கள். நானும் காது கேட்காத மாதிரி புத்தகத்தைப் பார்ப்பேன்.

தாத்தாவே பறையை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஒரு சாவு வீட்டில் விடிய விடிய அடித்துவிட்டுக் கூலி கேட்டாராம். காசைக் கையில் தராமல் தரையில் போட்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பறையைப் பரணில் போட்டவர்தான், மறுபடி தொடவில்லை.

என் அத்தை எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பூண்டுக் காட்டில் களை எடுக்கப் போனவர். யாரோ சொல்லி, வத்தலக்குண்டு வழியாக பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குத் தையல் படிக்கப் போனார். அதுதான் சக்தி. சகோதரி சந்திரா 1990-ல் அதைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை விட்ட ஏழைப் பெண்கள், அதிலும் தாழ்த்தப்பட்ட பெண்கள் அங்கே தங்கிப் படிப்பார்கள். தையல் உண்டு. கூடவே பறை, ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம் எல்லாம் உண்டு. நம்மை ஏன் சிலர் கீழாகப் பார்க்கிறார்கள் என்று வட்டமாக உட்கார்ந்து பேசவும் கற்றுத் தருவார்களாம். "அங்கதான்டி நான் முதல் தடவையா நாலு பேர் முன்னாடி வாயத் திறந்து பேசினேன்" என்று அத்தை சொல்வார்.

கன்னியாஸ்திரி என்றால் ஜெபம் செய்வார்கள், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்கள் பெண் பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்திருக்கிறார்கள்! சாவுக்கு அடிப்பது, ஆண்கள் மட்டும் அடிப்பது என்று ஊரே ஒதுக்கி வைத்த கருவியை, சேலை கட்டிச் சலங்கை கட்டிய பெண்கள் மேடையில் ஆடிக்கொண்டே அடிக்கிறார்கள். அமெரிக்காவில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்து இசைப் பேராசிரியர் சோயி ஷெரினியன் இங்கே வந்து, இவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்திருக்கிறார்.

அத்தை திரும்பி வந்தபோது கையில் தையல் சான்றிதழ், தோளில் ஒரு பறை. தாத்தாவுக்கு வந்ததே கோபம்! "நான் வேணாம்னு தூக்கிப் போட்டத நீ எடுத்துட்டு வர்றியா? இதுக்கா உன்னப் படிக்க அனுப்புனேன்?" என்றார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எனக்கு யார் சொல்வது சரி என்றே புரியவில்லை. தாத்தா பட்ட அவமானமும் உண்மைதானே? அத்தையிடமே கேட்டேன். அத்தை சொன்னார்: "அடின்னு ஒருத்தன் அதட்டுனா அடிக்கக் கூடாது. அதுல தாத்தா செஞ்சது சரிதான். ஆனா நமக்குப் பிடிச்சு அடிச்சா அது கலை. தப்பு பறையில இல்ல பாப்பா, காசத் தரையில போட்ட கையிலதான்."

இந்த வருடம் தமிழம்மா கருப்பொருள் பாடம் நடத்தினார். ஐந்து திணைக்கும் தெய்வம், உணவு, பூ, பறவை போலவே பறையும் உண்டு என்று கரும்பலகையில் எழுதினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை. அப்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2018-ல் நம் மலை முழுக்கப் பூத்த குறிஞ்சியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். அந்தப் பூ நம் மலைக்குச் சொந்தம் என்றால் பறையும் சொந்தம்தானே? பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் அம்மா சொன்னார்.

அன்று சாயந்திரமே அத்தையிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். தோளில் மாட்டி, ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய மூங்கில் குச்சி. பார்க்க எளிது, கை வலி உயிர் போகும். நம் ஊர்ப் பனிக்குத் தோல் சீக்கிரம் தொய்ந்து சத்தம் மந்தமாகிவிடும். அடிக்கடி தீயில் காட்டிச் சூடேற்ற வேண்டும். போன வாரம் தைல மரச் சருகைக் கொளுத்தி நான் காட்டிக்கொண்டிருந்தேன். திண்ணையில் இருந்த தாத்தா திடீரென்று, "அவ்வளவு கிட்டக் காட்டாத, தோலு பொசுங்கிரும்" என்று எழுந்து வந்தார். பறையை வாங்கி, சுற்றிச் சுற்றித் தீயில் காட்டினார். விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். குச்சியைத் தொடவில்லை. ஆனால் நான் அடித்து முடிக்கும் வரை உள்ளே போகவும் இல்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு சகோதரி 1990-ல் திண்டுக்கல்லில் தொடங்கிய வேலை, மலை ஏறி எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. அதனால்தான் அவர்களை வியக்கிறேன்.

ஆண்டு விழாவில் எங்கள் வகுப்புப் பெண்கள் ஐந்து பேர் பறை அடிக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. கிடைத்தால் தாத்தாவை முன் வரிசையில் உட்கார வைப்பேன். ஆறாம் வகுப்பில் சொன்ன பொய்யை இந்தத் தாளில் அழித்து எழுதுகிறேன்:

என் தாத்தா பறைக் கலைஞர். நான் அவர் பேத்தி.

– மாணவி, 9-ஆம் வகுப்பு