இரண்டு அங்குலம்

நீளமாக எதைக் கண்டாலும் கொஞ்சம் வெட்டிவிடலாமே என்று தோன்றுவது என் சுபாவம். கதையில் ஒரு பக்கம் கூடிப்போனாலும், தோட்டத்தில் ஒரு கிளை நீண்டுபோனாலும் கை பரபரக்கும். இதனால் பெரிய கெடுதல் எதுவும் நேர்ந்ததாக ஞாபகம் இல்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

2018ஆம் வருஷம் கோடையில் என் மகனோடு தங்குவதற்காக அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்துக்குப் போயிருந்தேன். பேத்திக்கு அப்போது 14 வயது. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அந்த வருஷம் அவளுக்கு வில்வித்தைப் பைத்தியம் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கிழவர், தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் குரு. மர வில், மர அம்பு, இவற்றைத் தவிர வேறு எதையும் அவர் தொடமாட்டார். அவர் செய்து கொடுத்த ஆறு அம்புகளில் ஒடிந்ததும் புதரில் தொலைந்ததும் போக ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதை அவள் அறையில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். புதிய அம்புகளைத் தானே செய்யப் போவதாகச் சொன்னாள்.

தன் பணத்தில் ஆறு கோல்கள் வாங்கினாள். போர்ட் ஆர்ஃபோர்ட் சிடார் என்று மரத்துக்குப் பெயர். ஆரிகனின் தென்மேற்குக் கோடியிலும் அதை ஒட்டிய காலிபோர்னியாவிலும்தான் அது தானாக வளர்கிறது. அறுத்தால் இஞ்சி நசுக்கினாற்போல ஒரு வாசனை. ஒவ்வொரு கோலும் 32 அங்குலம். இரண்டு நாள் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தாள். "29 அங்குலத்தில் வெட்டணும் தாத்தா, நாளைக்கு வெட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நீச்சலுக்குப் போய்விட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் நாணை இழுப்பது 26 அங்குலம்; நானே அளந்திருந்தேன். பின்னே 29 எதற்கு? மூன்று அங்குல மரம் வில்லுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பானேன்? ஆறு கோல்களையும் 27 அங்குலத்தில் சீராக அறுத்து, வரிசையாக அடுக்கி வைத்தேன். குழந்தை வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைப்பு.

"குட்டையா இருக்கே தாத்தா" என்றாள். கணக்கைச் சொன்னேன். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இறகு ஒட்டினாள், முனை பொருத்தினாள்.

மறுநாள் முதல் அம்பு இலக்கின் நடுவுக்கு ஒரு சாண் இடப்பக்கம் போய்க் குத்தியது. இரண்டாவதும் அங்கேதான். ஆறும் அங்கேதான். குருவோ வெளியூர் போயிருந்தார். ஆகவே அந்தப் பதவியை நான் ஏற்றுக்கொண்டேன். துரோணர் மரத்தின்மேல் பறவையை வைத்துச் சோதித்ததையும், அர்ச்சுனன் கண்ணுக்குப் பறவையின் தலை மட்டுமே தெரிந்ததையும் விஸ்தாரமாகச் சொன்னேன். "கவனம் சிதறுகிறது அம்மா, மனசை ஒருமுகப்படுத்து" என்றேன். ஒரு நாளல்ல, நான்கு நாள் சொன்னேன். ஐந்தாம் நாள் அவள் வில்லை எடுக்கவில்லை. "எனக்கு இது வராது தாத்தா" என்று மட்டும் சொன்னாள்.

ஆறாம் நாள் கிழவர் திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டார், சுவரில் மாட்டியிருந்த பழைய அம்பைக் கொண்டுவரச் சொன்னார். அரை மனசோடு எய்தாள். அது நடுவில் போய்த் தைத்தது.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும், "ஒரே மரம், ஒரே தடிமன், அளந்து பாருங்கள்" என்று வாதாடினேன். அவரிடம் அதற்கொரு கருவி இருந்தது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அவற்றின்மேல் கோலை வைத்து, நடுவில் 2 ராத்தல் எடையைத் தொங்கவிட வேண்டும். எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அதனால் 26ஐ வகுத்தால் கோலின் விறைப்பு ராத்தல் கணக்கில் வரும். 0.8 அங்குலம் தாழ்ந்தால் 32.5 ராத்தல். பழைய அம்பையும் புதியதையும் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு! நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அவர் சிரித்தார். "தாங்கிகளின் இடைவெளி மாறவில்லையே, அளவு எப்படி மாறும்? பறக்கும்போது தாங்கி எங்கே இருக்கிறது? அம்பு முழு நீளத்துக்கும் அல்லவா வளைகிறது!"

அம்பு வளையும் என்பதே எனக்குச் செய்தி. நாண் பின்னாலிருந்து நேராகத் தள்ளுகிறது. வழியில் வில்லின் பிடி குறுக்கே நிற்கிறது. அதனால் அம்பு பாம்புபோல் நெளிந்து, பிடியைச் சுற்றிக்கொண்டு விலகி, பிறகுதான் நேராகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் இதை அதிவேகப் படமாகவே எடுத்துக் காட்டினாராம். கோல் எவ்வளவு வளையும் என்பது நீளத்தை மும்முறை பெருக்கிப் பார்க்கும் கணக்கு. 29 அங்குலக் கோல் 100 பங்கு வளைகிற விசைக்கு 27 அங்குலக் கோல் ஏறக்குறைய 81 பங்குதான் வளையும். அம்பு செய்கிறவர்கள் அங்குலத்துக்கு 5 ராத்தல் என்று வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆக, என் கைங்கரியத்தால் ஒவ்வொரு அம்பும் 10 ராத்தல் விறைத்துப் போயிருந்தது. விறைத்த அம்பு வளைந்து கொடுக்காது. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அது இடப்பக்கம்தான் போகும். அந்தக் குழந்தையின் மென்மையான வில்லுக்காகத்தான் கிழவர் அந்த மூன்று அங்குலத்தை வெளியே விட்டிருந்தார்.

வெட்டினதை ஒட்ட முடியாது. ஆனால் முனையைக் கனமாக்கினால் அம்பு சற்று அதிகம் வளையுமாம். 100 கிரெயின் முனைகளைச் சூடுகாட்டிக் கழற்றிவிட்டு 145 கிரெயின் முனைகளை மாட்டிக் கொடுத்தார். கோளாறு பாதிக்குமேல் சரியாயிற்று. முழுவதும் சரியாகவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தை நானே சொன்னேன். மகன் தட்டைப் பார்த்தபடியே, "எனக்கும் கவனம் போதாது என்றுதான் சொல்வீர்கள், அப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

பேத்தி பேச்சை மாற்றினாள். "அந்த துரோணர் ஏகலைவன்கிட்டக் கட்டைவிரலைக் கேட்டாரே, அவர் உங்களைவிட மோசம் இல்லையா தாத்தா?"

"இல்லை அம்மா. அவர் கேட்டாவது வாங்கினார்" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் காலையில் மிச்சத் துண்டுகளில் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். இப்போதும் அது என் மேஜைமேல் இருக்கிறது. முகர்ந்து பார்த்தால் இன்னும் லேசாக இஞ்சி மணக்கிறது.