ரோட்டுக்கு ஒரு குட்டு

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகருக்குக் குட்டிக்கொண்டு திரும்பும்போதுதான், குன்றக்குடி ரோட்டில் என் வண்டி சறுக்கியது. பின்னால் இருந்த பெரிய மாமாவின் மண்டை தார் ரோட்டில் 'ணங்'! ஹெல்மெட்? இருந்தது, ஒன்றே ஒன்று. என் தலையில்.

மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்ல மாப்ளே!"

"பிள்ளையாருக்குப் போட வேண்டிய குட்டை ரோட்டுக்குப் போட்டுட்டீங்களே மாமா!" என்று ஜோக்கடித்தேன். சிரித்தார். காபி சாப்பிட்டோம்.

மூன்று வாரம் கழித்து, சட்டைப் பட்டன் போடத் தெரியாமல் நின்றார். செத்துப்போன தன் தம்பி பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். 'வயசாச்சுல்ல' என்று விட்டுவிட்டோம். வலது கால் இழுத்த பிறகுதான் மதுரைக்கு ஓடினோம். ஸ்கேனில், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பழைய ரத்தம்! வயதானால் மூளை சற்றுச் சுருங்குமாம். அந்த இடைவெளியில் சன்னமான குழாய் கிழிந்தால், சொட்டுச் சொட்டாகக் கசியும். இதயத்துக்காகச் சாப்பிட்ட ஆஸ்பிரின் வேறு உறைய விடாது. அன்றைய பற்றை மூன்று வாரம் கழித்துப் பதிவு செய்யும் கணக்கு, நான் படித்த பி.காமில் இல்லை. மண்டையில் துளை போட்டு வடித்தார்கள்.

இளவட்டங்களுக்கு இவ்வளவு தவணைகூடக் கிடைக்காது. கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா, 1998 பிப்ரவரி 20-ல் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பந்து தலையில் பட்டது. தானே நடந்துதான் வெளியே போனார். 23-ம் தேதி இறந்துவிட்டார். வயது 38.

மாமா இப்போது பட்டன் போடுகிறார். என் வண்டியில் மட்டும் ஏறுவதில்லை. அவருக்காக வாங்கிய ஹெல்மெட் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது.