வர்ணக்காரரின் நாட்கணக்கு

மார்க்கச் சட்ட நூல்களில் ‘இஜாரா’ என்றொரு பாடம் உண்டு. கூலிக்கு அமர்த்துதல் பற்றியது அது. முப்பது ஆண்டுகளாக அதனை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வருகிறோம். கூலியாள் இருவகைப்படுவார் என்று ஹனபி நூல்கள் வகுத்துரைக்கும். துணி தைப்பவர், சாயம் தோய்ப்பவர் போன்று பலருக்கும் பொதுவாய் உழைப்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. வேலையை முடித்துத் தந்தால்தான் அவருக்குக் கூலி. குறித்த காலத்திற்கு ஒருவரிடம் அமர்ந்தவர் ‘அஜீர் காஸ்’. அவர் உரிய நேரத்தில் வந்து தம்மை ஒப்படைத்து நின்றாலே போதும், நாம் வேலை வாங்காது விட்டாலும் கூலி கடமையாகிவிடும். இவ்வேறுபாட்டை விளக்கும்போதெல்லாம் தையற்காரரையும் ஆட்டிடையரையும் உதாரணம் காட்டினோமே தவிர, நம் வீட்டுச் சுவரில் ஏணி சாத்தியவரைக் காட்டத் தோன்றியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மகளின் நிக்காஹை முன்னிட்டு மன்னார்குடியில் உள்ள நம் இல்லத்திற்கு வர்ணம் பூச ஏற்பாடு செய்தோம். கோட்டூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சைக்கிளில் வரும் ஒருவர், உடன் இருவர், நாட்கூலிப் பேச்சு. ஐப்பசி மாதம். வேலை தொடங்கிய மூன்றாம் நாளே அடைமழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, “இன்று வேண்டாம் தம்பி, நாளை பார்க்கலாம்” என்று அனுப்பி வைத்தோம். இவ்வாறே பல நாட்கள். கணக்குத் தீர்க்கும்போது பூசிய நாட்களுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்தோம். அவரும் வாங்கிக்கொண்டு போனார்.

வெட்டவெளியில் வேலை செய்ய அமர்த்தப்பட்டவரை மழை தடுத்துவிட்டால் அன்றைய கூலி இல்லை என்று சட்ட நூல்களில் ஓரிடம் உண்டே என ஆலிம் பெருமக்கள் கேட்கலாம். அறிவோம். நாமும் அந்த ஓரிடத்தைத்தான் மனத்துக்குள் பிடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் உண்மை வேறு. வெளிச்சுவருக்குத்தான் மழை தடை. உள்ளறைகளில் பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்க்கும் வேலை அப்படியே கிடந்தது. அவ்வறைகளைச் சீர்ப்பொருள்களும் பெட்டிகளும் அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை அகற்றச் சோம்பியவர்கள் நாமேயன்றி மழை அன்று.

இரண்டாண்டு கழித்து அவர் மீண்டும் வந்தார், கையில் ஒரு படிவத்துடன். நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டுமாம். நம் வீட்டில் வேலை செய்ததற்கு ஒரு கையெழுத்து வேண்டுமாம். அருகிலிருந்த உறவினர் ஒருவர், “கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஏதாவது வழக்கு வம்பு வரும்” என்று காதோடு சொன்னார். பிறகு வரச் சொன்னோம். பிறகு வந்தார், மறுபடியும் பிறகு என்றோம். போகும்போது அவர் சொன்னது இது: “நான் காசு கேக்கல பாய். உங்க வீட்ல வேல செஞ்சேன்னு ஒரு எழுத்துதான் கேட்டேன்.”

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் திருவசனத்தில், சாட்சிக்கு அழைக்கப்படுவோர் மறுக்கலாகாது என்றும் கட்டளை உண்டு. அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய நாள் ஒன்று வந்தபோதுதான் நமக்கு நா எழவில்லை. மறுநாள் ஞாயிறு. பந்தலடியில் தேநீர்க்கடை ஓரம் வாளியும் பிரஷுமாக நிற்பவர்களிடம் விசாரித்தோம். சங்க அறைக்கு வழி காட்டினார்கள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சிற்றறை. ஒரு மேசை, சில நாற்காலிகள், சந்தாப் புத்தகங்கள். கொத்தனார், தச்சர், வர்ணம் பூசுவோர் எல்லாருக்கும் அதுவே இடம். நாம் சென்ற நேரம் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் எடுத்த மேஸ்திரி மூன்று வாரக் கூலியை நிறுத்தி வைத்துவிட்டாராம். சந்தா கட்டாதவருக்குச் சங்கம் பேசலாமா என்று ஒருவர் குரல் உயர்த்த, “மொதல்ல கூலிய வாங்கிக் குடு, சந்தா தானா வரும்” என்று இன்னொருவர் மறுத்தார். உப்புத்தாள் தேய்க்கும் பெண்களுக்கு ஆண்களின் கூலி இல்லை என்ற பேச்சும் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அமுங்கிப் போனதையும் கண்டோம்.

முதியவர் ஒருவர் நமக்கு நாற்காலி தந்து பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தந்தை களப்பாள் பக்கத்தில் பண்ணையாளாய் இருந்தவர். பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய விவசாயிகள் சங்கத்தின் முயற்சியால் 1944ஆம் ஆண்டு இதே மன்னார்குடியில் மிராசுதார்களுடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுதலும் ஒழிய அது வழி வகுத்தது. தந்தை அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாராம். காவிரி நீர் பொய்த்த ஆண்டுகளில் மகன் மண்வெட்டியை வைத்துவிட்டு மட்டையைக் கையில் எடுத்தார். அன்று சுண்ணாம்பும் நீலமும். பின்னர் டிஸ்டெம்பர், எமல்ஷன். கூத்தாநல்லூரில் சபராளிகள் ஊர் திரும்புமுன் முடிக்க வேண்டிய மாளிகைகளில் இரவு விளக்கிலும் பூசியிருக்கிறார். பொங்கலுக்கு முன் மூச்சு விட நேரமில்லை, அடைமழையில் அடுப்பு எரியாது என்பது அவர் சொன்ன ஆண்டுக் கணக்கு.

அவர் இருமிக்கொண்டே பேசினார். பட்டித் தூள் நெஞ்சில் இறங்குகிறது. தின்னர் வாடை தலையைச் சுற்றுகிறது. மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டுச் சோறு உண்டால் சோற்றிலும் அதே வாடை. வர்ணத்தில் கலந்த ஈயம் நஞ்சு என்பதை உலகம் நெடுநாள் முன்பே அறியும். கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளீயச் சாயம் பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இல் நிறைவேற்றியது. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். இடையில் கழிந்த ஆண்டுகளில் எத்தனை கம்பிக் கதவுகளை எத்தனை கைகள் தேய்த்தனவோ!

நல வாரியமும் எளிதில் வந்ததன்று. உடலுழைப்புத் தொழிலாளருக்கான தமிழகச் சட்டம் 1982இல் பிறந்தது. கட்டுமானத் தொழிலாளருக்கு வாரியம் அமைய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யரின் தலைமையில் 1985இல் அமைந்த குழு நாடெங்கும் இயக்கம் நடத்தியது. 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. கட்டடச் செலவில் ஒரு சதவீதத்திற்குக் குறையாமல் தீர்வை பெற்று நிதி சேர்க்க வேண்டும் என்றது. முந்திய 12 மாதங்களில் 90 நாட்களேனும் உழைத்தவரே பதிவு பெறலாம் என்றும் அச்சட்டம் விதித்தது. ஆலையில் வருகைப் பதிவேடு இருக்கும். இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று அலைபவரின் 90 நாட்களை யார் எழுதி வைத்திருப்பார்? விடை அந்த மேசை மேல் இருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கச் சங்கம் பழக்கியிருக்கிறது.

நம்மவரும் வந்து சேர்ந்தார். கையெழுத்திட ஆயத்தமாய் வந்திருக்கிறோம் என்றோம். சங்கமே சான்று கொடுத்துப் பதிவும் ஆகிவிட்டதாகக் கூறிச் சிரித்தார். மனத்தாங்கல் இருந்ததோ என்னவோ, முகத்தில் காட்டவில்லை. மடித்து வைத்திருந்த பணத்தை நீட்டினோம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து, ஆண்டுகள் சில கழித்து நீட்டியது. “மழை நாட்களின் கூலி தம்பி. மூவருக்கும், நான்கு நாள்.”

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து வர்ணக்கறை படிந்த பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்துத் தாள்களைப் புரட்டினார். பென்சிலால் எழுதிய தேதிகள். ‘மண்ணார்குடி பாய் வீடு’ என்று ஒரு தலைப்பு. விரல் வைத்து எண்ணினார்.

“மூணு நாள்தான் பாய். நாலாம் நாள் மழ விட்டிருச்சு, நாங்கதான் வரல. மச்சான் வீட்டு விசேஷம்.”

பிறகு நோட்டுகளை வாங்கி எண்ணி, ஒரு நாள் கூலியை நம் கையில் திருப்பித் தந்தார்.