பக்கவாட்டு ஜன்னல்

2004-ல் புனேயில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞருக்குத் தினமும் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். விலை 20 ரூபாய். பஸ்ஸுக்கும் டீக்கும் வீட்டில் கொடுத்த காசு அது. பஸ் ஏறாமல் நடந்துவிட்டால் பிரவுசிங் சென்டரின் மூலையிலிருந்த கம்ப்யூட்டர் முன் உட்காரலாம்.

சுற்றிலும் மற்றப் பையன்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஹெட்ஃபோனையும் மீறித் துப்பாக்கிச் சத்தமும் மராத்தி வசவுகளும் காதில் விழும். இவர் ஆட வரவில்லை. அவர்கள் ஓடி ஒளியும் சந்துகளையும் வாசல்களையும் போல ஒன்றைத் தானே கட்ட வந்திருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து ஆடிய டஸ்ட் 2 என்ற களத்தை 2001-ல் உருவாக்கியவர் டேவ் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் இளைஞர் என்று தெரிந்த நாளிலிருந்து பிடித்த பைத்தியம் அது. தனி ஆளாக ஒருவர் செய்ய முடியுமென்றால் புனேயிலிருந்து ஏன் முடியாது?

கருவி இலவசம். பெயர் ஹேமர். கடைக்காரரை ஒரு வாரம் கெஞ்சி அதை ஏற்ற வைத்திருந்தார். திறந்ததும் திரை நான்காகப் பிரியும். ஒரு ஜன்னலில் கட்டடத்துக்குள் கேமராவோடு நடந்து போகலாம். மற்ற மூன்றில் அதே கட்டடம் கோடுகளாகத் தெரியும் - மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து. இடது ஓரத்தில் கருவிப் பட்டை. வலது ஓரத்தில் சுவர்களுக்கு ஒட்டும் செங்கல், மரம், மணல் படங்களுக்கான பலகை.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு எப்போதும் நான்கு ஜன்னல்கள் தேவைப்பட்டதில்லை. 1993 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலிருந்து வெளிவந்த டூம் விளையாட்டின் களங்களை வரைய, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ ஒரு எடிட்டரை எழுதினார். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் ஓடியது அது. டூமில் ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை கட்ட முடியாது. எனவே மேலிருந்து பார்க்கும் ஒரே வரைபடம் போதும். தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம் என்று எண்களைக் கொடுத்தால் வேலை முடிந்தது. 1996 ஜூனில் வந்த க்வேக் இந்தச் சௌகரியத்தைக் கெடுத்தது. மாடிக்கு மேல் மாடி, சரிந்த சுவர், பாலத்துக்கு அடியில் பாதை. ஒரே படத்தில் அடங்காத உலகம். அதே 1996-ல் பென் மோரிஸ் என்பவர் க்வேக்குக்காக எழுதிய வேர்ல்ட்கிராஃப்ட் என்ற எடிட்டரை மறு ஆண்டு வால்வ் கம்பெனி வாங்கியது. 1998-ல் வந்த ஹாஃப் லைஃப் அதில்தான் கட்டப்பட்டது. பிறகு அதற்கு ஹேமர் என்று பெயர் மாறியது.

இளைஞரின் பிரச்னை இடம். பழைய கண்ணாடி மானிட்டர். அகலத்தில் 1024 புள்ளிகள், உயரத்தில் 768. நான்காகப் பிரித்தால் ஒரு ஜன்னலுக்கு 512-க்கு 384. மெனுவும் பட்டைகளும் பலகைகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பின் மிஞ்சுவது தபால் கவர் அளவு.

இதைவிடப் பெரிய தொல்லை கடைக்காரரின் முன்ஜாக்கிரதை. வைரஸுக்குப் பயந்து அவர் போட்டிருந்த சாஃப்ட்வேர், கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். இளைஞரின் வரைபடம் ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தது. ஜன்னல்களை அவர் அடுக்கி வைத்த விதம் ஃபிளாப்பியில் வரவில்லை. அது அந்த கம்ப்யூட்டரோடு பிறந்து அதோடு அழிந்தது. ஆக, தினமும் முதல் பத்து நிமிடங்கள் ஜன்னல்களை இழுத்து அடுக்குவதிலேயே போயின. கணக்குப் பார்த்தால் மூன்று ரூபாய்க்கு மேல்.

மூன்று ரூபாயை மிச்சப்படுத்த அவர் சிக்கனம் பழகினார். கருவிப் பட்டையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கீபோர்டில் குறுக்குவழி இருந்தது. ஷிஃப்டோடு எஸ் அழுத்தினால் தேர்வு, பி அழுத்தினால் புதிய கட்டை, எக்ஸ் அழுத்தினால் வெட்டும் கத்தி. விரல்கள் மனப்பாடம் செய்துகொண்டதும் பட்டையை மூடிவிட்டார். படப் பலகையையும் தேவைப்பட்டால் மட்டுமே திறந்தார். நான்கு ஜன்னல்களுக்கு நடுவிலுள்ள கோட்டை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். கேமராவும் மேல் பார்வையும் பெரிதாயின. முன் பார்வையும் பக்கப் பார்வையும் அடியில் இரண்டு நாடாக்களாகச் சுருங்கின. எல்லாம் மூன்றே நிமிடத்தில். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் ஓட்டை வந்தது.

இந்த வகை விளையாட்டுகளில் உலகம் ஒரு மூடிய பெட்டி. வெளியே வெறும் சூனியம். சுவரும் கூரையும் தரையும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். எங்காவது ஒரு கீறல் இருந்தால் எந்த இடத்திலிருந்து எது கண்ணுக்குத் தெரியும் என்ற கணக்கைக் கம்ப்யூட்டரால் போட முடியாது. ஓட்டை இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். உள்ளிருந்து சூனியம் வரை போகும் வழியை எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடாகக் காட்டவும் செய்யும்.

கோடு ஒரு மண்டபத்தின் மேற்குச் சுவரைத் தாண்டி வெளியே போனது. மேலிருந்து பார்த்தால் சுவர் கச்சிதமாக இருந்தது. கேமராவில் பார்த்தாலும் குறை தெரியவில்லை. அவர் சுவரை அழித்துத் திரும்பக் கட்டினார். ஓட்டை போகவில்லை. மறுநாள் தரையை மாற்றினார். அப்போதும் போகவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்று நாள், 60 ரூபாய், மூன்று மாலை நடை. டஸ்ட் 2-ஐக் கட்டியவருக்கு இருந்தது தனக்கு இல்லை என்று முடிவு செய்து, ஃபிளாப்பியை வேறு எதற்காவது அழித்து உபயோகிக்கலாம் என்றுகூட நினைத்தார்.

நான்காவது நாள் கடையில் கூட்டம். அவருடைய மூலை போய்விட்டது. வேறு கம்ப்யூட்டர் கிடைக்கத் தாமதமாகி, அரை மணி நேரமே மிஞ்சியது. ஜன்னல்களை அடுக்க நேரமில்லை. எடிட்டர் திறந்தபடியே, சரிசமமான நான்கு ஜன்னல்களோடு வேலையைத் தொடங்கினார். பக்கவாட்டு ஜன்னலை மண்டபத்தின் மேல் பெரிதாக்கியதும் அது தெரிந்தது. சுவரின் உச்சிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு மயிரிழை. ஆட்டக்காரனின் உயரம் 72 அலகு என்றால் அந்த இடைவெளி 1 அலகு. மேலிருந்து பார்த்தால் கூரை அதை மறைத்துவிடும். பக்கத்திலிருந்து பார்த்தால் சின்னக் குழந்தையும் விரலை வைத்துக் காட்டும். இடம் அடைக்கிறது என்று அவர் நாடாவாகச் சுருக்கி வைத்திருந்த ஜன்னலில்தான் மூன்று நாளாக விடை இருந்தது.

அந்தக் களத்தை நண்பர்கள் அதே கடையில் இரண்டு வாரம் ஆடினார்கள். பிறகு டஸ்ட் 2-க்கே திரும்பிவிட்டார்கள். அவருக்கு வருத்தமில்லை. கட்டத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தைரியம்தான் படிப்பு முடிந்ததும் அவரை கேம் ஸ்டூடியோக்களின் வாசலுக்கு அனுப்பியது.

இன்று அவருக்கு நாற்பது வயது. புனேயிலேயே ஒரு ஸ்டூடியோவில் களங்களை வடிவமைக்கும் குழுவைக் கவனித்துக்கொள்கிறார். மேஜையில் இரண்டு பெரிய மானிட்டர்கள். எடிட்டர் இப்போது அன்ரியல். ஜன்னல்களைப் பிடித்து எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், பிய்த்து இரண்டாவது மானிட்டருக்குக் கொண்டுபோகலாம், அடுக்கிய விதத்தைப் பெயரிட்டுச் சேமிக்கலாம். கடைக்காரரும் இல்லை, மீட்டரும் இல்லை.

சமீபத்தில் எடிட்டரின் புதிய பதிப்பை ஏற்றியபோது, குழுவில் சேர்ந்து ஆறு மாதமான ஒரு பெண்ணின் திரை தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விட்டது. பார்த்துப் பார்த்து அடுக்கியது. மறுநாள் வேலையை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பெண் கண் கலங்கி நின்றார். தான் சேமித்து வைத்திருந்த அமைப்பை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அவர் அப்படிச் செய்யவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் எந்த ஜன்னல் இல்லாமல் கை ஓடவில்லை என்று கேட்டார். அதைத் திறக்கச் சொன்னார். அடுத்தது எது என்று கேட்டார். ஐந்தாறு ஜன்னல்கள் வந்ததும் அந்தப் பெண்ணே போதும் என்றார். முன்பு திரையில் இருந்த பாதி விஷயங்களை யாரும் தேடவில்லை.

எழுந்து போகுமுன் அவர் ஒன்றை மட்டும் தன் கையால் செய்தார். பெரிய கேமரா ஜன்னலுக்குப் பக்கத்தில் பக்கவாட்டுப் பார்வையைத் திறந்து, உள்ளங்கை அகலத்துக்கு இழுத்துவிட்டார். எதற்கு என்று அந்தப் பெண் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.